குவளைக்கே சங்கிலி போட்ட வண்டி

ஏன்டா பேராண்டி, டில்லிக்கு ரயில்ல போறியாமே? உன் பாட்டி சொன்னா. பிளேன்ல போனா மூணு மணி நேரத்துல முடியற சங்கதி, கர்நாடகா எக்ஸ்பிரஸ்ல கிட்டத்தட்ட 40 மணி நேரம். ஜனவரியில சிநேகிதன் கல்யாணம். பிளேன் டிக்கெட் விலையைப் பாத்து உனக்குத் தலை சுத்திடுச்சு. அதை ஆபீஸ்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, ‘இந்தியாவைப் பாக்கப் போறேன்’னு சொல்லித் திரியறே. நல்லது. காந்தியும் 1915ல தென்னாப்பிரிக்காவை விட்டு ஊருக்கு வந்தப்புறம் மூணாங்கிளாசுல ஏறித்தான் இந்தியாவைப் பாத்தாரு. அவருகிட்ட நெக் பில்லோ இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல்ல அந்த பில்லோவுக்கு ஒரு வழி பண்ணுவோம். கழுத்துல மாலை போட்டாப்புல மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னியே, பாத்தேன். அது உக்காந்துக்கிட்டே தூங்குறவனுக்குடா. நீ எடுத்திருக்கறது படுக்கற வண்டி. அப்பர் பெர்த் கெடைச்சா நீ நிமிந்து உக்காரவே முடியாது, உன் கழுத்துக்கு அங்க வேலையே கெடையாது. ஆனாலும் எடுத்துக்கோ. யாராவது கைக்கொழந்தைக்காரி இருப்பா, அவளுக்கு உதவும்.

அடுத்தது பெட்டி. சக்கரம் வெச்ச அந்தப் பெரிய பெட்டியை நேத்து உன் கட்டிலுக்கு அடியில தள்ளிப் பாத்தேன், போவலை. வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயே போவாதது லோயர் பெர்த்துக்கு அடியில போவுமா? ஸ்லீப்பர்ல ஆளுக்கு 40 கிலோ வரைக்கும் சும்மா கொண்டு போலாம்னு ரயில்வே சொல்லுது. சொல்லிட்டுப் போவட்டும். எடைக்குத்தான் ரயில்வே அனுமதி. வைக்கிற எடத்துக்கு எதிர் சீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணணும். உன் பெட்டியைப் பாத்ததும் அவரு மனசு சின்னதாயிடும்.

ஜோலார்பேட்டையிலேர்ந்து பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864 ஆகஸ்ட்ல ரயில் விட்டாங்க. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து சனம் அதுல ஏறி வந்து, பட்டாளத்துக்காரன் வீட்டுல வேலை செஞ்சு, மில்லுல நூல் இழுத்து, அல்சூர்லயும் ஸ்ரீராமபுரத்துலயும் அடுப்பு மூட்டினாங்க. கையில இருந்தது ஒரு துணி மூட்டை, ஒரு தூக்குச்சட்டி. மூட்டைக்குச் சக்கரம் கெடையாது. ஆனா உக்காந்தா அது மணை, படுத்தா அது தலைகாணி. உன் பெட்டி மேல படுக்க முடியுமா, சொல்லு.

சரி, ஏறப் போற ஸ்டேஷன் எதுன்னு டிக்கெட்டுல பாத்தியா? பாத்திருக்க மாட்டே. இந்த ஊர்ல ரயில் ஏறுற எடம் ஒண்ணா ரெண்டா? நாங்க மெஜஸ்டிக்ல சிட்டி ஸ்டேஷன்னு சொல்றது 2016லேர்ந்து கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா ஸ்டேஷன், டிக்கெட்டுல கே.எஸ்.ஆர். பெங்களூரு. யஷ்வந்த்பூர் வேற. கண்டோன்மென்ட் வேற. 2022ல பையப்பனஹள்ளிகிட்ட ஏசி எல்லாம் போட்டுத் திறந்தாங்களே, சர் எம். விஸ்வேஸ்வரய்யா டெர்மினல், அது வேற. கே.ஆர். புரம்னு இன்னொண்ணு. கே.எஸ்.ஆருக்கும் கே.ஆர். புரத்துக்கும் எழுத்துல பாத்தா கொஞ்சம்தான் வித்தியாசம். நடுவுல மொத்த ஊரும் கெடக்குது. உன் வண்டி சாயங்காலம் ஏழு இருபதுக்கு கே.எஸ்.ஆர்.ல கெளம்புது. கேப்காரன்கிட்ட ‘ரயில்வே ஸ்டேஷன்’னு மொட்டையா சொன்னா அவனுக்கு எது பக்கமோ அங்க எறக்கிட்டுப் போயிட்டே இருப்பான்.

உன் பயணத்துலயே கஷ்டமான பாகம் வொய்ட்ஃபீல்டுலேர்ந்து மெஜஸ்டிக் வர்றதுதான். அதுக்கப்புறம் இருக்கற 2,400 கிலோமீட்டரை இஞ்சின்காரர் பாத்துக்குவாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு டின் ஃபேக்டரி ஜங்ஷன்ல கார் கண்ணாடி வழியா இந்தியாவைப் பாக்கறதுன்னா தாராளமாப் பாரு, இந்தியா முழுக்க அங்கதான் நிக்குது. இல்லைன்னா ஊதா லைன் மெட்ரோ இருக்குது. 2023 அக்டோபர்லேர்ந்து வொய்ட்ஃபீல்டுல ஏறினா எங்கயும் மாறாம சிட்டி ஸ்டேஷன் வாசல்லயே எறக்கி விடுது. மெட்ரோவுல உன் பெட்டி ஸ்கேனர் பொந்துக்குள்ள நுழையுமான்னு மட்டும் பாத்துக்கோ. நுழையலைன்னா பாதித் துணியை எடுத்து வெச்சிரு. ஒரே வேலையில ரெண்டு வேலை முடியும்.

இதுல ஒரு வேடிக்கை. ரயில் எங்க வருதுன்னு காட்டுதே ‘வேர் இஸ் மை டிரெயின்’, அந்த ஆப்பைச் செஞ்சது நம்ம பெங்களூர்க்காரங்கதான், சிக்மாய்ட் லேப்ஸ்னு பேரு. 2018ல கூகுள்காரன் வாங்கிட்டான். நெட்டு இல்லாத காட்டுல கூட செல்போன் டவரை வெச்சே வண்டி எங்க இருக்குதுன்னு சொல்லிடும். மறக்காம போன்ல போட்டுக்கோ. குண்டக்கல் இருட்டுல ஓடுற வண்டியைக் கண்டுபிடிச்ச கெட்டிக்காரங்க, டின் ஃபேக்டரியில கார் ஏன் நகரலைன்னு மட்டும் இன்னும் கண்டுபிடிக்கலை.

உன் வண்டியும் லேசுப்பட்டது இல்லை. பேரு கர்நாடகா எக்ஸ்பிரஸ், ஆனா கெளம்பினதும் மொதல் வேலையா ஆந்திராவுக்குள்ள ஓடிடும். இந்துப்பூர், தர்மாவரம், அனந்தபூர், குண்டக்கல்னு அங்கயே சுத்திட்டு, நீ அசந்து தூங்குற நேரத்துல ராய்ச்சூர்கிட்ட சத்தம் போடாம திரும்ப கர்நாடகத்துக்குள்ள வரும். ராத்திரி வீட்டுக்கு லேட்டா வர்றவன் நீ, உனக்கு அந்த வித்தை தெரியும். கலபுரகியில விடியற நேரம். சோலாப்பூர் தாண்டினா பகல் முழுக்க மகாராஷ்டிரம்: தௌண்ட், முன்னாடி அகமத்நகர்னு சொன்ன அகில்யாநகர், மன்மாட். பொழுது சாயறப்ப வாழைத்தோட்டச் சீமை, ஜல்காவ்ன், புசாவல். நடுராத்திரியில இட்டார்சி, அதைத் தாண்டினா நர்மதை. மூணாம் நாள் காலையில குவாலியருக்கு அந்தாண்டை சம்பல் ஆறும், மழை அறுத்துப் போட்ட மண்மேடும். ஒரு காலத்துல அந்த மேட்டுல கொள்ளைக்காரங்க இருந்தாங்க, சனம் நடுங்குச்சு. இப்ப அவங்க யாரும் வேணாம். ஜன்னலோரம் போனைக் கையில வெச்சுக்கிட்டு நீ உக்காந்திருக்கறது போதும், வண்டி மெதுவாப் போறப்ப வெளியில நிக்கிறவன் ஒரு தட்டுல எடுத்துக்குவான்.

இப்ப உன் டிக்கெட் விவகாரத்துக்கு வரேன். ஆர்.ஏ.சி.யிலயே நிக்குதாமே. நிக்காம? ரயில்வே 60 நாளைக்கு முன்னாடியே ரிசர்வேஷனைத் திறக்குது. 2024 அக்டோபர் வரைக்கும் 120 நாளா இருந்துச்சு, உன்னை மாதிரி ஆளுங்களுக்கு அதுவும் பத்தலை. ஷூ சேல்னா நடுராத்திரி 12 மணிக்கு முழிச்சுக்கிட்டு போனைத் தட்டறே. டில்லிக்குப் போறதுன்னா போன வாரம்தான் ஞாபகம் வருது. அதுலயும் ஏதோ புண்ணியம் பண்ணியிருக்கே, ஆர்.ஏ.சி.க்காவது உள்ள எடம் உண்டு. வெயிட்டிங் லிஸ்டுன்னா ஸ்லீப்பர் பெட்டியில ஏறவே கூடாது.

ஆர்.ஏ.சி.ன்னா இன்னான்னு தெரியுமா? சைடு லோயர் ஒண்ணு, ஆளு ரெண்டு. ஜாதகம் பாக்காம நடந்த கல்யாணம் அது. எதிர்ல வந்து உக்காரப் போறது யாரு, எவ்வளவு நீளம் காலு, குறட்டை உண்டா, ஒண்ணும் தெரியாது. அதனால ஒரு உபாயம் சொல்றேன். வண்டி ஏறினதும் சண்டைக்கு நிக்காதே. அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடு. ‘எதுக்கு தம்பி’ம்பாரு. ‘சும்மா சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ன்னு சிரிச்சு வையி. ராத்திரி பதினோரு மணிக்கு யாரு காலை நீட்டுறது, யாரு மடக்குறதுன்னு பஞ்சாயத்து வருமே, அப்ப அந்த டீ உன் பக்கம் பேசும். டீக்காசை மிச்சம் பிடிச்சா விடிய விடிய முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம், அதுவும் ஒரு அனுபவம்தான், போட்டோ புடிச்சுப் போடு.

டி.டி.ஆர். வந்தா எழுந்து நின்னு, ‘சார், எங்கனா காலி இருக்குதா?’ன்னு பணிவாக் கேளு. இங்கிலீஷ்ல சட்டம் பேசாதே. லிஸ்டு அவர் கையில இருக்குது, சட்டம் உன் வாயிலதான் இருக்குது. மிடில் பெர்த் கெடைச்சா இன்னொரு சங்கதி. அதை ராத்திரி 10 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும்தான் விரிச்சுப் போடலாம். அப்புறமும் படுத்துக்கிட்டிருந்தா கீழ இருக்கறவங்க முதுகை வளைச்சுக்கிட்டு உன் பேரைச் சொல்லித் திட்டுவாங்க. பேரு தெரியாதேன்னு நெனைக்காதே. அதுக்குள்ள உன் பேரு, சம்பளம், அப்பா வேலை, ‘ஏன் இன்னும் கல்யாணம் ஆவலை’ எல்லாம் அந்தப் பெட்டியில கேட்டு முடிச்சிருப்பாங்க.

அதுக்கும் தயாரா இரு. காதுல அடைப்பானை மாட்டிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு நெனைப்பு உனக்கு. எதிர்ல உக்காந்த அம்மா அதைப் பாத்து, ‘பாவம், காது மந்தம்’னு உரக்கக் கத்தியே கேப்பாங்க. பேசாம நீயே முந்திக்கோ. ‘நீங்க எந்த ஊர் எறங்கறீங்க’ன்னு நீ ஆரம்பிச்சா போதும், மன்மாடு வரைக்கும் அவங்க கதை ஓடும். பட்டாளத்துல இருக்கற பையன் லீவு முடிஞ்சு போவான், மவளைப் பாக்கப் போற கெழவி இருப்பா. நீ இந்தியாவைப் பாக்கப் போறேன்னியே, ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டு உள்ள இருக்கறதைக் கோட்டை விட்டுடாதே. இந்தி தெரியாதேன்னு பயப்படாதே. சினிமாவுல நீ கத்துக்கிட்ட இந்தியைப் பேசினா அவங்களே கை எடுத்துக் கும்பிட்டு இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க.

சாப்பாடு. உன் பாட்டி காலையிலேர்ந்து புளிக்காய்ச்சல் கிண்டறா, வீடே கமகமங்குது. நீ மூக்கைச் சுளிக்கறே, ‘இதெல்லாம் யாரு தூக்கறது’ங்கறே. போன்ல தட்டினா சீட்டுக்கே பிரியாணி வருமாமே. வரட்டுமே. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டானா பிரியாணியும் அந்தப் பிளாட்பாரத்துல உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும், பசி மட்டும் உன்கூடவே வரும். மொத ராத்திரிக்கு மொளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்டிலி. தயிர்சோறு கட்டினா அன்னிக்கே தின்னு தீத்துடு, மறுநாள் அதைத் திறந்தா ரெண்டு பெட்டிக்கு அந்தாண்டை இருக்கறவனும் எழுந்து வருவான். புளிசோறு ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் தாங்கும். திறக்கறப்ப நாலு பேருக்கு நீட்டு. பதிலுக்கு பராட்டாவும் ஊறுகாயும் உன் பக்கம் வரும்.

முன்னப்பின்ன தெரியாதவங்க குடுக்கறதைத் தின்னாதேன்னு உங்கம்மா சொல்லியிருப்பா. பாதி சரி. குடும்பமா உக்காந்து ஒரே டப்பாவுல கை விட்டுத் தின்னுக்கிட்டு அதுல இருந்து குடுத்தா, தைரியமா வாங்கிக்கோ. தனியா வர்ற ஆளு, தான் தின்னாம உனக்கு மட்டும் பிரிச்ச பிஸ்கட்டை நீட்டினா, ‘இன்னிக்கு எனக்கு விரதம்’னு சொல்லிடு. எந்த சாமிக்குன்னு கேட்டா, திங்கள் செவ்வாய்னு கெழமைக்கு ஒரு சாமி நம்மகிட்ட இருக்குது, ஒண்ணை எடுத்து விடு. சொல்லிட்டு அஞ்சு நிமிஷத்துல உன் டப்பாவைத் திறந்து இட்டிலியை முழுங்காதே, அது ஒண்ணுதான் உன்கிட்ட எனக்குப் பயம்.

இன்னொண்ணு. இது அவரேகாய் காலம். வருஷா வருஷம் பசவனகுடிப் பக்கம் மேளா போட்டு, அவரைப் பருப்புல தோசை, வடை, ஜிலேபி வரைக்கும் போட்டுத் தள்ளுவாங்க. வண்டி ஏறப் போற அன்னிக்கு சிநேகிதனுங்களோட அங்க போவணும்னு நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. போவாதேன்னு நான் சொல்லலை. 1909ல ஓகில் சந்திர சென்னுன்னு ஒரு வங்காளத்துக்காரரு பலாப்பழத்தை வெட்டிட்டு ரயில் ஏறினாரு, அவரு கதையை மட்டும் கேட்டுக்கோ. அந்தக் காலத்துல கீழ்கிளாஸ் பெட்டியில கக்கூசு கெடையாது. வயிறு முட்டிக்கிட்டு வரவே, அகமத்பூர் ஸ்டேஷன்ல எறங்கி ஒதுங்கினாரு. கார்டு விசில் ஊதிட்டாரு. மனுசன் ஒரு கையில செம்பு, ஒரு கையில வேட்டியைப் புடிச்சுக்கிட்டு ஓடி, அத்தனை பேரு முன்னாடியும் விழுந்து எழுந்தாரு. வண்டி போயிடுச்சு. வந்த கோவத்துல தப்பும் தவறுமான இங்கிலீஷ்ல ரயில்வேக்கு ஒரு காகிதம் போட்டாரு. ரயில் பெட்டியில கக்கூசு வந்ததுக்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. இந்த மாதிரிப் பழைய ரயில் சங்கதி பாக்கணும்னா டில்லியில சாணக்கியபுரியில ரயில் மியூசியம் இருக்குது, கல்யாண வீட்டுல பொழுது போவலைன்னா போயிட்டு வா. இப்ப பெட்டிக்கு நாலு கக்கூசு இருக்குதேன்னு தெம்பா இருக்காதே. காலையில ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் அந்த நாலுக்கும் வரிசை நிக்கும், வரிசையில நிக்கறப்ப அவரைப் பருப்பு உன் பேச்சைக் கேக்காது.

உள்ள போனா ஒரு குவளை இருக்கும். அதுக்கு சங்கிலி போட்டிருப்பாங்க. அதை நல்லா உத்துப் பாரு. குவளைக்கே சங்கிலி போட்ட சர்க்கார் வண்டியில, லேப்டாப் வெச்ச பெட்டியைத் தொறந்த வீடா விட்டுட்டு நீ தூங்கப் போறே. லோயர் பெர்த்துக்கு அடியில வளையம் வெச்சிருப்பாங்க, சங்கிலியைக் கோத்துப் பூட்டறதுக்குத்தான். மெஜஸ்டிக்ல ரோட்டோரமே சங்கிலியும் பூட்டும் விக்கறான். சாவியை அதே பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடாதே. சிரிக்காதே, நீ செய்வே.

அப்புறம் அந்த ரீல்ஸ். கதவாண்டை கம்பியைப் புடிச்சுக்கிட்டு தொங்கி, காத்துல முடி பறக்க வீடியோ எடுக்கணும்னு ஆசை. படிக்கட்டுல நின்னு போனா 500 ரூபா அபராதம், மூணு மாசம் வரைக்கும் உள்ளயும் வைக்கலாம்னு ரயில்வே சட்டத்துல இருக்குது. சட்டத்தை விடு, எதிர்ல வர்ற சிக்னல் கம்பத்துக்கு உனக்கு எத்தனை ஃபாலோயர்னு தெரியாது. போன் கைதவறி கீழ விழுந்துச்சுன்னா அபாயச் சங்கிலியைப் புடிச்சு இழுக்காதே, அதுக்கு 1,000 ரூபா வரைக்கும் அபராதம், ஒரு வருசம் வரைக்கும் ஜெயில். விழுந்த எடத்துக்குப் பக்கத்துல மின்கம்பத்துல எழுதியிருக்கற நம்பரைப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டு, பக்கத்து ஆளு போனை வாங்கி 139க்கு அடிச்சுச் சொல்லு. இதுக்குத்தான் பக்கத்து ஆளுக்கு டீ வாங்கிக் குடுன்னேன்.

குளிருக்கு இன்னா வெச்சிருக்கே? ஒரு தொப்பி வெச்ச பனியனா? பெங்களூர்ல டிசம்பர் வந்தா ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ‘செம குளிர்’னு ஊரு பூரா சொல்லிக்கறோம். ஜான்சி தாண்டி ஜனவரி விடியக்காலையில ஸ்லீப்பர் ஜன்னல் இடுக்குல வர்ற காத்துக்கு நம்ம குளிர் கால்தூசி. ஏசியிலதான் கம்பளியும் தலைகாணியும் குடுப்பாங்க, ஸ்லீப்பர்ல உன் போர்வை உன் பொறுப்பு. சோலாப்பூர் போர்வை ஒண்ணு உன் பாட்டி பீரோவுல கெடக்குது, கேட்டு வாங்கிக்கோ, டிசைன் பழசுன்னு பேசாதே. அந்தாண்டை பனிமூட்டம் வேற. காலையில போய்ச் சேர வேண்டிய வண்டி சாயங்காலமும் போவும், ராத்திரியும் போவும். முகூர்த்தத்தன்னிக்குக் காலையில எறங்கி நேரா மண்டபத்துக்குப் போறேன்னு நீ போட்டிருக்கற கணக்கு, பனிக்குத் தெரியாத கணக்கு. ரெண்டு நாள் முன்னாடியே போ. மாப்பிள்ளையோட சித்தப்பா வீட்டுல ஒரு மூலையில படுத்துக்கலாம், ஆர்.ஏ.சி.யில பழகியிருப்பே.

புதுடில்லியில எறங்கினா பஹாட்கஞ்ச் பக்கம் ஒரு வாசல், அஜ்மேரி கேட் பக்கம் ஒரு வாசல். மெட்ரோவுக்கு அஜ்மேரி கேட் பக்கம் போ. ‘நீங்க புக் பண்ணின ஓட்டல் மூடிட்டாங்க சார்’னு ஒருத்தன் ரொம்ப வருத்தப்பட்டுக்கிட்டு வருவான். நீயும் அவன்கூட சேந்து ரவ வருத்தப்பட்டுட்டு நட.

கடைசியா ஒரு வேலை. போறப்ப வேணாம், திரும்பி வர்றப்ப ஆக்ரா ஸ்டேஷன் வரும். பேட்டா மிட்டாய் விக்கறவன் பெட்டிக்குள்ளயே கூவிக்கிட்டு வருவான். அரை கிலோ வாங்கிட்டு வா. எனக்கு சர்க்கரைன்னு டாக்டர் சொன்னப்ப நீ அந்த ரூம்லயே இல்லை, புரியுதா? சங்கிலி போட்ட அந்தப் பெட்டியிலயே அடியில வெச்சு எடுத்துட்டு வந்து என் கையில குடு. பையில இன்னா இருக்குதுன்னு உன் பாட்டி கேட்டா பூசணிக்கான்னு சொல்லு. அது அதுலதான்டா செய்யறான், பொய் ஒண்ணும் இல்லை.